நன்னீரில் மூன்று நாள்

நகராட்சிக்கு ஒரு பலகை வேண்டுமாம்:
மொரெய்ன் துறைக்கு வந்துபோன போர்க்கப்பல்கள்,
பெயர், ஆண்டு, பணி வரலாறு.
'நூற்றுப் பத்து வார்த்தைக்குள் முடியுங்கள்' என்றாள்
செயலர் ஒர்வோக்கி லெஹ்தொலா.
பெயின்டருக்கு வார்த்தைக் கணக்கில் கூலி.

கடலிலிருந்து எங்களுக்கு
இரண்டாயிரத்துச் சொச்சம் மைல், பதினாறு மதகு.
அத்தனை படியேறி ஒரு போர்க்கப்பல்
இந்த ஏரிக்கு வருகிறதென்றால்
சண்டைக்கு அல்ல,
சல்யூட்டுக்கு.

காப்பகத்துக்கு எழுதிப் போட்டேன்.
மார்ச்சில், பனி உருகுமுன், உறைகள் வந்தன.

'கான்க்ளின் பே', கண்ணிவாரி.
காந்தக் கண்ணிகள் மோப்பம் பிடிக்காதிருக்க
மரத்தால் செய்த உடம்பு.
பதினான்கு ஆண்டு தேடி அலைந்தும்
ஒரு கண்ணிகூட அகப்படவில்லை.
அதைத்தான் சாதனை என்று குறித்திருக்கிறார்கள்.

'லம்ப்ஃபிஷ்', நீர்மூழ்கி. எங்கள் துறையில் ஆழம் போதாமல்
மூன்று நாளும் மேலேயே கிடந்தது,
குளிக்க வந்து நீரில் இறங்கத் தயங்கும் ஆளைப் போல.

'பிரெண்டிகோ', ஃபிரிகேட்.
நாற்பத்து மூன்றில் வெள்ளோட்டம்.
தளத்தில் உறைந்த பனியைக் கோடரியால் வெட்டிக்கொண்டே
ஏழு கான்வாய்களுக்குக் காவல்.
ஓர் இரவில், எண்ணெய் படர்ந்த நீரிலிருந்து
பத்தொன்பது பேரை வலைவிரித்து ஏற்றியது.
இருபதாமவன் வலையைப் பிடித்தானாம், பிறகு விட்டானாம்.
அப்புறம் பயிற்சிக் கப்பல். அப்புறம் பழைய இரும்பு.
நடுவில், அறுபத்தொன்று ஜூலைக்கு நேரே,
'ஏரிகளில் பயணம்.'

அந்த இரண்டு சொல்லுக்குள்தான் நாங்கள் இருக்கிறோம்.
உற்சாகத்தில் கல்யாணப் பாட்டை வாசித்துவிட்ட
தீயணைப்பு நிலைய பேண்டு இருக்கிறது.
வில்மர் நபிகானின் புகைமீன் கொட்டகை இருக்கிறது:
அறுபது வெள்ளைமீனைத் தின்ற மாலுமிகள்
காசு போதாமல் தொப்பிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள்.
அந்தக் கோடையில் எங்கள் ஊர் நாய்களெல்லாம்
கடற்படையில் இருந்தன.

கப்பலடியில் பற்றியிருந்த கொட்டலசுகள்
உப்பில்லாத் தண்ணீரில் செத்து உதிர்ந்ததாகச் சொல்வார்கள்.
முக்குளிக்கும் டார்சி வூலெட்
துறையடியில் ஏழெட்டு வெள்ளை ஓடு எடுத்தார்.
'பாதிவழியிலேயே உதிர்ந்திருக்கும், இது வேறெதுவோ'
என்று அவரே சொல்லிவிட்டு
பத்திரமாகத் துணியில் முடிந்துகொண்டார்.

கடைசி உறையில் நாள்பதிவின் நகல்.
பென்சில் எழுத்து, காலை ஆறு நாற்பது:
'கரையாள் கயிற்றை அவிழ்க்கத் தாமதம். சேதம் இல்லை.'

கரையாள் நான்தான்.
பதினேழு வயது, மணிக்கு ஒண்ணேகால் டாலர்.
ஏன் தாமதம் என்று அந்த அதிகாரி எழுதவில்லை,
அவருக்குத் தெரியாது.
பின்தளத்தில் ஒருவன்,
மூன்று நாளும் என்ஜின் அறையிலேயே கிடந்தானோ என்னவோ,
முகமெல்லாம் கிரீஸ்,
வாளியை இறக்கி ஏரியை மொண்டான்.
வாய் வைத்ததும் பழக்கத்தில் துப்பினான்.
நின்றான்.
பிறகு வாளியை இரு கையாலும் தூக்கிக்
குடித்தான், குடித்தான்,
சட்டை நனைய.
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் கயிறு விறைத்து
இரும்புத் தூண் தென்கிழக்காகச் சாய்ந்துவிட்டது.

சேதம் இல்லை, கப்பலுக்கு.
தூண் இன்றும் சாய்ந்தபடிதான்.
கப்பலை அறுபத்தைந்தில் உடைத்து விற்றார்கள்.
அந்தச் சாய்வு ஒன்றுதான்
'பிரெண்டிகோ'வில் மிச்சம்.

ஒர்வோக்கி பேனா முனையால் எண்ணினாள்.
'நூற்றுப் பதினான்கு. நாலு வார்த்தை கூட.'
கான்வாயில் கைவைக்க முடியாது.
பத்தொன்பது பேரையும் முடியாது.
'இதோ, சரியாக நாலு' என்று
அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று
கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.